காதுக்குப் பின்னால் வந்த வெளிச்சம்

கோகுல்நாத்துக்கு நாற்பத்திரண்டு வயது. மதுரை வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சந்தில் வீடு. பழங்காநத்தத்தில், மருந்துக் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் வேலை. காலை ஒன்பதரைக்கு வண்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் தூக்கிக்கொண்டு மாடியேறுகிற இந்த ஒல்லியான மனுஷரைப் பார்த்தால் இன்சூரன்ஸ் ஆபீஸ் கிளார்க் என்றுதான் யாரும் சொல்வார்கள். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் என்ன வேலை என்று கேட்டால், "கார்ட்டூன் போடுறேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வார்.

கார்ட்டூன் போடுவதில்லை அவர். அவருடைய வேலைக்குப் பெயர் லுக் டெவலப்மென்ட். ஆபீசில் சுருக்கி லுக்டெவ் என்பார்கள். அதென்ன லுக்டெவ் என்று கேட்பீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. கம்ப்யூட்டரில் ஒரு உருவத்தை முதலில் செய்கிறவர் வேறு ஆள். அவர் கையை விட்டு வரும்போது அது வெறும் சாம்பல் நிறத்தில் இருக்கும். மூக்கும் முழியும் இருக்கும், உயிர் இருக்காது. கத்தரிக்காயும் சாக்குமூட்டையும் மனுஷன் கன்னமும் ஒரே மாதிரி இருக்கும். கத்தரிக்காய்மேல் வெயில் பட்டால் ஒரு இடத்தில் மட்டும் பளிச்சென்று மின்ன வேண்டும். சாக்கின்மேல் பட்டால் மின்னவே கூடாது. வெங்காயச் சருகில் பட்டால் கொஞ்சம் உள்ளே புகுந்து மறுபக்கம் தெரிய வேண்டும். எந்தப் பொருள்மேல் வெளிச்சம் எப்படி விழும், எவ்வளவு உள்ளே போகும், என்ன நிறத்தில் திரும்பி வரும் என்று ஒவ்வொன்றாய் முடிவு செய்வதுதான் லுக்டெவ். அதை ஒழுங்காகச் செய்துவிட்டால், விளக்கைத் தூக்கி எங்கே வைத்தாலும் கத்தரிக்காய் கத்தரிக்காயாகவே தெரியும்.

இதில் கோகுல்நாத் பெரிய கெட்டிக்காரர். சும்மா சொல்லக்கூடாது, ஈரம் என்றால் அந்த ஆபீசில் அவரிடம்தான் வருவார்கள். மாட்டின் மூக்கு ஈரம், கழுவிப் போட்ட எவர்சில்வர் தட்டு, அழுது முடித்த கண்ணோரம் எல்லாம் அவர் கைபட்டால் தொட்டுப் பார்க்கத் தோன்றும். பத்தொன்பது வருஷ அனுபவம்.

அப்பேர்ப்பட்டவருக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது.

நிறத்தை வைத்துப் பிழைக்கிற இடத்தில் நிறம் தெரியாத ஆளா என்று நீங்கள் வாயைப் பிளப்பது எனக்குத் தெரிகிறது. பிறவியிலேயே அப்படி. சிவப்பு, பச்சை, அரக்கு, பாசி எல்லாம் அவர் கண்ணுக்குக் காய்ந்த வைக்கோல் நிறத்தின் வேறுவேறு சாயல்கள், அவ்வளவுதான். அப்பா துளசிராம் சாயப்பட்டறை வைத்திருந்தார். நூலுக்குச் சாயம் போடுகிற குடும்பத்தில் இப்படி ஒரு பிள்ளை! பத்தொன்பது வயதில் ஒரு நாள், காய்ந்த நூல் கட்டுகளைப் பிரித்து அனுப்பச் சொன்னார்கள். இவர் சிவப்பையும் பச்சையையும் ஒரே சிப்பமாகக் கட்டி அனுப்பிவிட்டார். சாயங்காலம் சிப்பம் திரும்பி வந்தது. பட்டறையில் இருபது பேர் நிற்க, சித்தப்பா இரண்டு நூல் கட்டுகளை எடுத்து அவர் முகத்துக்கு நேரே ஆட்டி, "ரெண்டு கண்ணையும் வச்சுக்கிட்டு குருட்டுப் பயலாடா நீ?" என்றார். வீட்டில் பேசுகிற சௌராஷ்டிர பாஷையில் சொன்னார், அதனால் இன்னும் ஆழமாக இறங்கியது. இருபது பேரும் சிரித்தார்கள். யாரோ ஒருவன் பின்னாலிருந்து க்ளுக்கென்று சிரித்த சத்தம் இன்றைக்கும் அவர் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து எந்த மனுஷனிடமும் இது என்ன கலர் என்று அவர் கேட்டதே கிடையாது. கல்யாணத்துக்குப் பிறகு சட்டை எடுத்து வைப்பது மனைவி மீனலோசனி பாடு.

கம்ப்யூட்டர் அவருக்குக் கடவுள் கொடுத்த வழி. அதில் ஒவ்வொரு நிறத்துக்கும் மூன்று எண்கள் உண்டு. முதல் எண் சிவப்பு, இரண்டாவது பச்சை, மூன்றாவது நீலம். அம்புக்குறியை நிறத்தின்மேல் வைத்தால் எண் வந்து நிற்கும். முதல் எண் பெரிதாக இருந்தால் சிவப்பு, தீர்ந்தது விஷயம். இதை முதல்முதலாகக் கண்டுபிடித்த அன்றைக்கு இருபத்து மூன்று வயசு ஆம்பிளை, கம்ப்யூட்டர் சென்டர் பாத்ரூமில் போய் அழுதார். இனிமேல் யாரிடமும் கேட்க வேண்டாம், யாரும் சிரிக்க முடியாது என்ற சந்தோஷத்தில் வந்த அழுகை.

ஆபீசில் ஒரே ஒருத்திக்கு மட்டும் தெரிந்திருந்தது. சத்யப்ரியா என்று பெயர். தோலுக்கும் துணிக்கும் மேல்பூச்சுப் படங்களை வரைந்து கொடுப்பது அவள் வேலை, அவற்றை வாங்கிப் பொருத்தி வெளிச்சம் பார்ப்பது இவர் வேலை. சேர்ந்த முதல் வருஷத்திலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு படத்தின் பெயரிலும் நிறத்தைச் சேர்த்து எழுத ஆரம்பித்தாள். ரத்தம் சிவப்பு. நரம்பு பச்சை. உதடு கருஞ்சிவப்பு. ஆறு வருஷம் அப்படி ஓடியது. போன மாதம் புருஷனுக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வந்து அவள் போய்விட்டாள்.

அவள் இடத்துக்கு வந்தவன் அழகுபாண்டி. முப்பத்தைந்து வயது, இரண்டு பெண் பிள்ளைகளுக்குத் தகப்பன். பழங்காநத்தத்திலேயே பத்து வருஷம் பிளக்ஸ் கடையில் வேலை பார்த்துவிட்டு, வீட்டில் உட்கார்ந்து தானாகவே இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தவன். கை சுத்தம், ஆனால் படங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்தான் போடுவான். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று வாரம் ஆகியிருந்தது.

இனி, அந்தப் புதன்கிழமை.

பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்காக ஒரு அனிமேஷன் படம். அதில் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிற ஒருவருடைய முகம்தான் முதல் சோதனை. இது தேறினால் படத்தில் வரும் இன்னும் பதினொரு பேரின் முகங்கள் வரும், அத்தனைக்கும் கோகுல்நாத்தான் தலைமை என்று துறைத் தலைவி ஜெயக்கொடி வாக்குக் கொடுத்திருந்தாள். பத்தொன்பது வருஷத்தில் முதல்முறையாக அவர் பெயர் மேலே வரப் போகிறது. அவருக்கு நிறம் தெரியாது என்று யாருக்காவது தெரிந்தால் தலைமையும் இல்லை, வேலையே இருக்குமோ இருக்காதோ. இந்தப் பயம் அவருக்கு எப்போதும் உண்டு. 

முகத்துக்கு மாதிரியாக எடுத்துக்கொண்டது பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் பேயாண்டியை. ஒரு காலைப்பொழுது முழுக்க அவரை வெயிலில் நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். முகத்துக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் உருண்டையையும் கண்ணாடி மாதிரி மின்னுகிற இன்னொரு உருண்டையையும் பிடித்தபடி எடுக்க வேண்டும், வெயில் எந்தப் பக்கமிருந்து எவ்வளவு வருகிறது என்று அதில்தான் தெரியும். மார்க்கெட்டே கூடிவிட்டது.

"என்னய்யா, எனக்குத் திருஷ்டி சுத்திப் போடுறீகளா?" என்று கேட்டார் பேயாண்டி. காதுக்குப் பின்னால் வெயில் வரும்படி அவரைத் திரும்பச் சொன்னபோது, "எங்காதுல அம்புட்டு என்னத்தய்யா கண்டீக?" என்று சிரித்தார்.

காதில்தான் விஷயமே இருக்கிறது. தோல் வெங்காயச் சருகு மாதிரி, வெளிச்சத்தை உள்ளே விடும். மெல்லிய காதுக்குப் பின்னால் விளக்கை வைத்தால் உள்ளே இருக்கிற ரத்தத்தின் நிறம் ஒளிரும். கம்ப்யூட்டர் முகத்தில் அது வரவில்லை என்றால் பார்க்கிறவர்களுக்கு பிளாஸ்டிக் பொம்மை ஞாபகம்தான் வரும். அதனால் லுக்டெவ் சோதனைப் படத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் பாதியில் விளக்கு நிற்கும், தலை ஒரு சுற்றுச் சுற்றும். மறுபாதியில் தலை நிற்கும், விளக்கு சுற்றும். விளக்கு காதுக்குப் பின்னால் போகும் அந்த ஒரு நொடிக்காகத்தான் தெரிந்தவர்கள் காத்திருப்பார்கள். அன்றைக்குப் பரவையில் சத்யப்ரியா, "செங்கல் சிவப்புண்ணே" என்று மெல்லச் சொன்னதை அவர் நோட்டில் எழுதி வைத்திருந்தார். அதுதான் அவள் அவருக்குச் சொன்ன கடைசி நிறம்.

புதன்கிழமை பத்து மணிக்கு அழகுபாண்டி டீயோடு வந்து அவருடைய நாற்காலிக்குப் பின்னால் நின்றான்.

"அண்ணே, மேடம் சொன்னாங்கன்னு தோல் துளையெல்லாம் கொஞ்சம் ஆழமாக்கியிருக்கேன். ரத்தப் படம், நரம்புப் படம் ரெண்டையும் புதுசா ஏத்திட்டேன். பட நம்பரு முன்னப் பின்ன மாறியிருக்கும், பாத்துப் போட்டுக்கங்க."

கோகுல்நாத் இரண்டையும் திறந்தார். இரண்டும் அவருக்கு ஒரே வைக்கோல் நிறம். ஒன்று கொஞ்சம் இருட்டு, ஒன்று கொஞ்சம் வெளுப்பு. "இதுல எது..." என்று ஆரம்பித்தார்.

"பாத்தாலே தெரியும்லண்ணே!" என்று சிரித்தான் அழகுபாண்டி. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, இயல்பாகச் சொன்னான்.

அம்புக்குறியை வைத்து எண்ணைப் படிக்க இரண்டு நொடி போதும். ஆனால் இவன் பின்னால் நிற்கிறான். ரத்தம் எது நரம்பு எது என்று கண்டுபிடிக்க அளவு எடுக்கிற ஆளை எவனாவது பார்த்திருப்பானா? அந்த இரண்டு நொடிக்கு வெட்கப்பட்டார் மனுஷர். "தெரியுது, தெரியுது" என்றார். சத்யப்ரியா போடும் ரத்தப் படம் எப்போதும் இருட்டாக இருக்கும், அந்தப் பழக்கத்தில் இருட்டாக இருந்ததை எடுத்து ரத்தத்தின் இடத்தில் போட்டார். அழகுபாண்டி போனதும் எண்ணைப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

அழகுபாண்டி போனான். ஜெயக்கொடி வந்தாள்.

"கோகுல், பீமாராவ் சார் பன்னெண்டு மணிக்கு வர்றதா இருந்துச்சு, இப்ப மாட்டுத்தாவணி தாண்டிட்டாராம். ரெண்டர் போட்டு ஓட விடுங்க. இப்பவே!"

பெங்களூர்க் கம்பெனியின் ஆள் பீமாராவ். இதுவரை போனில்தான் பேசியிருக்கிறார்கள். ரெண்டர் என்றால் கம்ப்யூட்டர் வெளிச்சக் கணக்குப் போட்டு ஒவ்வொரு படமாக வரைந்து தள்ளுவது. கோகுல்நாத் பொத்தானை அழுத்தினார். ஜெயக்கொடி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மற்ற கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றையும் இதற்கே திருப்பிவிட்டாள். முதல் படங்கள் வரிசையாக வந்தன. அவர் கன்னத்தில் அம்புக்குறியை வைத்துப் பார்த்தார், எண் சரி. நெற்றி சரி. உதடு சரி. மேல்தோல் நிறம் தனிப் படம், அதில் சிக்கல் வராது. உள்ளே இருக்கிற ரத்தம் காதுக்குப் பின்னால் விளக்குப் போகும்போதுதான் தெரியும், அது தொண்ணூறாவது படம். மணி பதினொன்று.

ஜெயக்கொடி கீழே இறங்கிப் போனதும் அவர் பாய்ந்து அந்த இரண்டு படங்களையும் திறக்கப் பார்த்தார். அதற்குள் மிஷின் முழுவதும் ரெண்டரில் மாட்டிக்கொண்டிருந்தது. அம்புக்குறி நகரவில்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு கிளிக், இரண்டு கிளிக், மூன்று கிளிக்.  இருட்டாக இருந்ததுதான் ரத்தம், வேறென்ன, ஆறு வருஷமாக அப்படித்தானே என்று தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டார். கடைசிப் படமும் முடிந்து எல்லாம் தானாகவே புரொஜக்டர் அறைக்குப் போன பிறகுதான் வட்டம் நின்றது.

"கோகுல், வாங்க! சார் வந்துட்டாரு!"

ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிய அறை. ஒரு புரொஜக்டர், பன்னிரண்டு நாற்காலி. பீமாராவ் ஐம்பது வயதுக்காரர், முன்வரிசையில் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். "நானும் மதுரக்காரந்தாங்க. பரவை மார்க்கெட்டெல்லாம் எனக்கு அத்துப்படி. ஏமாத்த முடியாது" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். கோகுல்நாத் திரைக்கு நேரே உட்கார்ந்தார். இங்கே அம்புக்குறி கிடையாது, எண் கிடையாது. திரையும் கண்ணும்தான்.

படம் ஓடியது. மூட்டைக்காரர் முகம் திரை நிறைய வந்து மெல்லத் திரும்பியது. பீமாராவ் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்விட்டார்.

"அட! நெத்தி வேர்வையப் பாருங்கய்யா! மூட்டைய எறக்கி வச்சு ரெண்டு நிமிஷங்கூட ஆகலங்கறது தெரியுது. யாரு பண்ணது இது?"

"நம்ம கோகுல்தான் சார்" என்றாள் ஜெயக்கொடி. அவள் குரலில் பெருமை இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தைக்கு அவர் ஒரு வாரம் தூங்காமல் சந்தோஷப்பட்டிருப்பார். இப்போது திரையின் ஓரத்தில் ஓடும் எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபது. தலை நின்றது. விளக்கு நகர ஆரம்பித்தது. எழுபது. எண்பது. வெளிச்சம் தாடையைத் தாண்டிப் பிடரிக்குப் போனது.

தொண்ணூறு.

காது ஒளிர்ந்தது. கோகுல்நாத்தின் கண்ணுக்கு அது அற்புதமாக இருந்தது. ஓரத்தில் மெல்லிய வெளிச்சம், நடுவில் குருத்தெலும்பின் நிழல், பேயாண்டியின் காதே வந்து நிற்கிறது. அவருக்கு மூச்சு வந்தது. அப்பாடா, பிழைத்தோம் என்று நினைத்தார்.

 பீமாராவ் படத்தை நிறுத்தச் சொன்னார்.

"கோகுல்நாத், இந்தக் காது... நீங்க பாத்துத்தான அனுப்புனீங்க? இது சரிதானா?"

"சரிதான் சார். பரவைல எடுத்த போட்டோ மாதிரியே அச்சு அசலா இருக்கு."

பின்வரிசையில் யாரோ க்ளுக்கென்று சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பை அவருக்குத் தெரியும். இருபத்து மூன்று வருஷத்துக்கு முந்திய சிரிப்பு அது. அந்த நொடியே எல்லாம் புரிந்துவிட்டது. 

"என்னய்யா அச்சு அசலு! பாசி புடிச்ச தொட்டி மாதிரிப் பச்சையா இருக்கு! மனுசங் காதுய்யா இது!" என்றார் பீமாராவ்.

ஜெயக்கொடி திரும்பினாள். கோகுல்நாத்தைப் பார்த்தல்ல, அழகுபாண்டியைப் பார்த்து.

"ரத்தத்தையும் நரம்பையும் மாத்தி ஏத்துனீங்களா?"

"இல்ல மேடம், ரெண்டும் சரியாத்தான் இருந்துச்சு. நம்பருதான் மாறுச்சு. அண்ணங்கிட்ட சொல்லிட்டேன். அண்ணனும் பாத்துட்டுத் தெரியுதுன்னு சொன்னாங்க."

"கோகுல் பத்தொம்பது வருசமா இதே வேல பாக்குறாரு. செவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாமயா எடுத்துப் போட்டாரு? நீங்க ஏத்துனதுலதான் கோளாறு. கிளையன்ட் முன்னாடி மானத்த வாங்கிட்டீங்க. வெள்ளிக்கிழமையோட முடிச்சுக்கங்க அழகுபாண்டி. இது சரிப்பட்டு வராது."

அழகுபாண்டி திரும்பிக் கோகுல்நாத்தைப் பார்த்தான். நீங்கதானண்ணே பாத்தீங்க, சொல்லுங்கண்ணே என்று கேட்கிற பார்வை.

சும்மா இருந்தால் போதும். அதுதான் கொடுமை. வாயைத் திறக்காமல் இன்னும் அரை நிமிஷம் உட்கார்ந்திருந்தால் எல்லாம் தன்னால் முடிந்துவிடும். தலைமை கிடைக்கும், பதினொரு முகமும் கிடைக்கும், ரகசியமும் ரகசியமாகவே இருக்கும். அவருடைய கண்ணை அந்த அறையே அவ்வளவு நம்பியது. இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒருத்தன் மறுபடி பிளக்ஸ் கடைக்குப் போவான், அவ்வளவுதானே? அப்படி நினைத்த அந்த நொடிக்காக அவருக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. சித்தப்பா நூலை முகத்துக்கு நேரே ஆட்டியபோது பட்டறையில் ஒரு ஆளாவது வாயைத் திறக்க மாட்டானா என்று தான் ஏங்கி நின்றது ஞாபகம் வந்தது.

"மேடம், தப்பு எம்மேலதான். நாந்தான் மாத்திப் போட்டேன்" என்றார்.

"அவரக் காப்பாத்தாதீங்க கோகுல்."

"காப்பாத்தல மேடம். நெசமாத்தான்."

"அப்ப அச்சு அசலா இருக்குன்னு இப்பத்தான சொன்னீங்க? பச்சக் காத வச்சுக்கிட்டு எப்படி அப்படிச் சொல்வீங்க?"

தப்பு என்மேல் என்பதோடு விட்டிருக்கலாம். விட மாட்டேன் என்கிறாளே! கோகுல்நாத் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கு அந்தக் காது இப்பவும் சரியாத்தான் தெரியுது மேடம். எனக்குச் செவப்பும் பச்சையும் ஒண்ணுதான். பொறந்ததுலருந்தே அப்படித்தான். அம்புக்குறிய வச்சு கலர் நம்பரப் பாத்துத்தான் வேல செய்யுறேன். இன்னைக்கு அழகுபாண்டி பக்கத்துல நின்னாரு, அவரு முன்னாடி நம்பரப் பாக்க வெக்கமா இருந்துச்சு. குத்துமதிப்பா எடுத்துப் போட்டுட்டேன்."

ஒருத்தன் இது ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினான். பீமாராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தார். இப்படிச் சொன்னதும் எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். மூலையில் மாட்டியிருந்த சிலிண்டரைக் காட்டினார்.

"அது என்ன கலரு?"

"அது தீயணைக்கிற சிலிண்டர் சார். செவப்புன்னு எல்லாரும் சொல்லுவாங்க."

அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. ஜெயக்கொடி கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, "ஏங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே கோகுல்" என்றாள். கோபமா வருத்தமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு அழகுபாண்டியிடம், "போயி மாத்திப் போட்டு அந்த ஒரு படத்த மட்டும் எடுத்துட்டு வாங்க. சார் இருக்காரு" என்றாள். வெள்ளிக்கிழமையைப் பற்றி அவள் மறுபடி பேசவில்லை.

மிஷினுக்கு முன்னால் அழகுபாண்டி உட்கார்ந்தான். அவருடைய நாற்காலி அது. கோகுல்நாத் பக்கத்தில் நின்றார். அவன் நன்றி சொல்வான் என்று நீங்கள் எதிர்பார்த்தால், போங்கய்யா, அவன் பொரிந்து தள்ளினான்.

"எம் பொழப்பே போயிருக்கும்ணே. ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்ல? இதுல என்ன கொறஞ்சு போயிருவீங்க?"

 அவன் இரண்டு படங்களையும் இடம் மாற்றினான். நான்கு நிமிஷத்தில் புதுப் படம் வந்தது. பழைய காதையும் புதுக் காதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து அவன் தலையாட்டிக்கொண்டான். கோகுல்நாத்தும் பார்த்தார். ஒரு காது கொஞ்சம் இருட்டு, ஒரு காது கொஞ்சம் வெளுப்பு. வேறு எதுவும் அவருக்குத் தெரியவில்லை. உலகம் முழுக்கப் பார்க்கிற ஒன்று தன் மூக்குக்கு முன்னால் இருந்தும் தனக்கு இல்லை என்பது அன்றைக்கு அவருக்கு வலித்த மாதிரி என்றைக்கும் வலித்ததில்லை.

முகம் தேறியது. பீமாராவ் போகும்போது கோகுல்நாத்தின் கையைப் பிடித்து, "வேர்வை பிரமாதம்" என்றார். சாயங்காலம் ஜெயக்கொடி கூப்பிட்டு மிச்சத்தைச் சொன்னாள். பதினொரு முகமும் இங்கேதான் வருகிறது. வேலை அவர்தான் செய்வார், ஆனால் நிறத்துக்கு இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். தலைமை அவருக்கு இல்லை, பெங்களூரிலிருந்து ஒருவர் வருகிறார். "என்னால அம்புட்டுத்தான் பேச முடிஞ்சுச்சு" என்றாள். அவர் தலையாட்டினார். வீட்டுக்குப் போய் மீனலோசனியிடம் சொன்னபோது அவள் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, "வேல இருக்குல்ல?" என்று மட்டும் கேட்டாள். இருக்கு என்றார்.  பத்தொன்பது வருஷமாக ஏறிய படிக்கட்டில் கடைசிப் படியை அவரே உதைத்துத் தள்ளியிருந்தார், அது அவருக்கு ஆறவில்லை.

அடுத்த திங்கட்கிழமை இரண்டாவது முகம் வந்தது. மார்க்கெட்டில் கீரை விற்கிற ஒரு அம்மா. முன்னால் குவித்து வைத்த கீரைக் கட்டுகளுக்கு அழகுபாண்டி இரண்டு படம் வரைந்து ஏற்றியிருந்தான். ஒன்று சிவப்புத் தண்டுக்கீரை, ஒன்று அரைக்கீரை. பெயருக்குப் பதில் வழக்கம்போல எண்தான். பயல் திருந்தவில்லை.

கோகுல்நாத் இரண்டையும் திறந்தார். அம்புக்குறியைக் கொண்டுபோனார். பாதி வழியில் கையை எடுத்துவிட்டார். அழகுபாண்டி அந்தக் கோடியில், நான்கு மேஜை தள்ளி உட்கார்ந்திருந்தான். நடுவில் பதினைந்து பேர்.  பத்தொன்பது வயதுப் பையனாகப் பட்டறையில் நிற்கிற அதே படபடப்பு.

"அழகுபாண்டி!" என்று உரக்கக் கூப்பிட்டார். "இதுல எதுய்யா செவப்பு?"

 ஜன்னல் பக்கம் யாரோ லேசாகச் சிரித்தார்கள். சுருக்கென்றது. கோகுல்நாத் தலையைக் குனியவில்லை, பதில் வரும்வரை அந்தக் கோடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவதுண்ணே" என்றான் அழகுபாண்டி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "நல்ல செவப்பு. பீட்ரூட் சாயல் வரும்."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு அவர் இரண்டாவதை எடுத்துத் தண்டுக்கீரையில் போட்டார்.